அந்தச் சனிக்கிழமைகளில் பாதி உங்கள் அண்ணனிடம் இருக்கிறது

கேள்வி:

வணக்கம் அம்மா. எனக்கு வயது 44. மொரீஷியஸில் வாக்வா ஊரில் பிறந்து வளர்ந்தேன், இப்போது காத்ர் போர்னில் குடும்பத்தோடு இருக்கிறேன். ஆரம்பப் பள்ளியில் தமிழ் ஆசிரியை. அப்பா தவறி 9 மாதமாகிறது. அம்மா அவருக்கு முன்பே போய்விட்டார்.

சின்ன வயதில் சனிக்கிழமை இரவு என்றால் எங்கள் வீட்டில் ‘ஃபோர் புவாயார்’ என்ற பிரெஞ்சு டிவி போட்டி நிகழ்ச்சிதான். கடலுக்கு நடுவே ஒரு கல்கோட்டை, அதற்குள் சாவி தேடி ஓடும் ஆட்கள், உச்சியில் உட்கார்ந்து புதிர் போடும் வெள்ளைத் தாடிக் கிழவர். எங்களுக்கு அது குளிர்காலம். வாக்வாவில் தூறல் விடாது. எல்லாரும் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு ஒரே சோபாவில் நெருக்கியடித்து உட்காருவோம். அம்மா கத்தோ பிமா என்ற பருப்பு வடை பொரித்து வைப்பார், வனிலா டீ போடுவார். கிழவர் பிரெஞ்சில் கேட்கும் புதிரை அப்பா பாட்டிக்காகத் தமிழில் திருப்பிச் சொல்வார். சில நேரம் அது வேறு புதிராகவே ஆகிவிடும். நேரம் முடிய இன்னும் எவ்வளவு என்று எண்ணுவது என் வேலை, விடை சொல்வது அண்ணன் வேலை. அவனுக்கு விடை வராவிட்டால் அப்பா “கொலேஜ் (உயர்நிலைப் பள்ளி) போகிற பையனுக்கு இதுகூடத் தெரியாதா?” என்று சிரிப்பார், நாங்கள் எல்லாரும் சேர்ந்து சிரிப்போம். சில நாள் அண்ணன் பாதியில் எழுந்து போய்விடுவான், கடைசியில் புதையலைக் காக்கும் புலி வரும்போது திரும்பி வந்துவிடுவான். நிகழ்ச்சி முடிந்த பிறகும் பாட்டி சிராண்டான் விடுகதை போட்டு எங்களைத் தூங்கவிடாமல் வைத்திருப்பார்.

அப்பா போன பிறகு எனக்கு அதே நினைவாக இருக்கிறது. பிள்ளைகள் தூங்கியதும் போனில் பழைய பகுதிகளைத் தேடித் தேடிப் பார்க்கிறேன். அந்த இசை தொடங்கினாலே அழுகை வந்துவிடுகிறது. சில நாள் இரவு ஒரு மணி, இரண்டு மணி ஆகிவிடும். கணவர் முதலில் ஒன்றும் சொல்லவில்லை, இப்போது கவலைப்படுகிறார். போன மாதம் மகளையும் மகனையும் (14, 11 வயது) உட்கார வைத்துப் போட்டுக் காட்டினேன். கொஞ்ச நேரத்தில் இரண்டு பேரும் அவரவர் போனுக்குள் போய்விட்டார்கள். நான் கத்திவிட்டேன். மகன் பயந்தே போய்விட்டான்.

அண்ணன் மெல்பர்னில் இருக்கிறான். அப்பாவின் வீட்டை விற்பதா வேண்டாமா என்பதில் வார்த்தை முற்றி, காரியம் முடிந்த கையோடு பேச்சும் நின்றுவிட்டது.

எனக்கு மூன்று கேள்வி. இது மனநோயா? பார்ப்பதை நிறுத்திவிட வேண்டுமா? சேமித்த பணத்தில் பிரான்ஸ் போய் அந்தக் கோட்டையை ஒருமுறை நேரில் பார்த்தால் மனம் ஆறுமா?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, காத்ர் போர்ன்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

முதல் கேள்விக்கு உடனே பதில் சொல்லிவிடுகிறேன். அந்தப் பயத்தோடு நீங்கள் மீதியைப் படிக்க வேண்டாம். இது நோய் இல்லை.

ஒரு காலத்தில் நோயென்றுதான் நினைத்தார்கள். 1688-ல் சுவிட்சர்லாந்தின் பாசெல் நகரில் யோகன்னஸ் ஹோஃபர் என்ற இளம் மருத்துவர், ஊரைவிட்டு வந்தவர்களைப் பிடிக்கும் ஏக்கத்தை ஒரு வியாதியாகவே விவரித்து ஆய்வேடு எழுதினார். மருத்துவர்கள் வெகுகாலம் அந்த வழியிலேயே போனார்கள். இன்றைக்குப் பார்வை மாறிவிட்டது. இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்தில் கான்ஸ்டன்டைன் செடிகிடிஸ், டிம் வில்ட்ஷட் ஆகியோர் 2006 முதல் இதைப் பற்றி நிறைய ஆராய்ந்து வெளியிட்டிருக்கிறார்கள். மனம் சோர்ந்திருக்கும்போதும் தனிமை வாட்டும்போதும்தான் பழைய நினைவு அதிகம் கிளம்புகிறது. அந்த நினைவுகளில் நாம் பெரும்பாலும் தனியாக இருப்பதில்லை, நெருங்கியவர்கள் சூழ இருக்கிறோம். நினைத்து முடித்தபின் ‘எனக்கும் ஆட்கள் இருக்கிறார்கள்’ என்ற உணர்வு கூடுகிறது. இவைதான் அவர்கள் கண்டவற்றில் முக்கியமானவை. அப்பா போன வெறுமையில் உங்கள் மனம் ஆட்கள் நிறைந்த ஒரு அறையைத் தேடிப் போயிருக்கிறது. அதில் என்ன தவறு?

இருந்தாலும் ஒரு எல்லையைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். நெருங்கியவர் இறந்து 6 மாதத்துக்கு மேலாகியும், நாள் தவறாமல், வேறு எதிலும் மனம் செல்லாத அளவுக்குத் துக்கம் அழுத்தினால், வேலைக்குப் போக, சமைக்க, பிள்ளைகளைக் கவனிக்க முடியாமல் போனால், அதை நீடித்த துக்கம் என்று உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியல் தனியாகக் குறிக்கிறது. அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேடு பெரியவர்களுக்கு 12 மாதம் என்று வைத்திருக்கிறது. நீங்கள் பள்ளிக்குப் போகிறீர்கள், வீட்டைப் பார்க்கிறீர்கள், இப்படி நிதானமாக ஒரு கடிதமும் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு இதில் கவலை தருவது தூக்கம் ஒன்றுதான். ஒரு மணிக்கும் இரண்டு மணிக்கும் அழுதுகொண்டு விழித்திருப்பவருக்கு மறுநாள் எல்லாமே இரண்டு மடங்கு கனக்கும். உங்கள் மகனிடம் நீங்கள் கத்தியதில் பாதி அந்தத் தூக்கமின்மைதான் என்பது என் கணிப்பு. சாப்பாடு இறங்கவில்லை, வேலைக்குப் போக முடியவில்லை, உயிரோடு இருந்து என்ன பயன் என்ற எண்ணம் வருகிறது என்றால் மட்டும் அரசு மருத்துவமனைக்குப் போய் உளவியலாளரைப் பார்க்க வேண்டும் என்று கேளுங்கள். நம் நாட்டில் அதற்குக் காசு கிடையாது, வெட்கப்படவும் ஒன்றும் இல்லை.

சரி, இப்போது உங்கள் கடிதத்துக்கு வருகிறேன்.

கடிதத்தை இரண்டாம் முறை படித்தபோது ஒன்று கண்ணில் பட்டது. கோட்டையைப் பற்றி ஒரே வரி எழுதியிருக்கிறீர்கள். மீதி எல்லாம் அறையைப் பற்றி. யார் எங்கே உட்கார்ந்தார்கள், யார் என்ன பொரித்தார்கள், யாருக்கு எந்த வேலை. அந்த வீட்டில் ஒவ்வொருவருக்கும் ஒரு வேலை இருந்தது. நேரம் எண்ணுவது உங்கள் வேலை. ஒன்பது, பத்து வயதுப் பெண் குழந்தை சொல்லும் எண்ணுக்குப் பெரியவர்கள் எல்லாரும் காது கொடுத்தார்கள். அந்த நிகழ்ச்சியின் நீர்க் கடிகாரம் ஞாபகம் இருக்கிறதா? நம் முன்னோர் வைத்திருந்த நாழிகை வட்டில் மாதிரி, தண்ணீர் வடிவதை வைத்துத்தான் அதிலும் நேரம் தெரியும். அதை உற்றுப் பார்த்து ‘முடியப்போகுது, முடியப்போகுது’ என்று நீங்கள் கத்தியிருப்பீர்கள். உங்களுக்கு என்று ஓர் இடம் அன்றைக்கு இருந்தது. அப்பா போனதோடு, அண்ணனின் பேச்சு நின்றதோடு, அந்த இடமும் போய்விட்டது.

இன்னொன்றும் சொல்லத் தோன்றுகிறது. அது ஒரு போட்டி நிகழ்ச்சி, ஆனால் எதிரணி கிடையாது. 1990 ஜூலை 7-ம் தேதி பிரான்சில் முதன்முதலாக வந்தபோதே அதன் அடிப்படை அதுதான். ஒரே குழு, எதிரே கோட்டையும் கடிகாரமும். ஒருவர் அறைக்குள் போய்ச் சாவி எடுக்க வேண்டும், மற்றவர்கள் வெளியே நின்று வழி சொல்லிக் கத்த வேண்டும். தண்ணீர் வடிந்து முடிவதற்குள் வெளியே வராதவர் உள்ளேயே மாட்டிக்கொள்வார். கடைசியில் எல்லாரும் கொண்டுவந்த குறிப்புகளைச் சேர்த்து ஒரு சொல்லைக் கண்டுபிடித்து, தரையில் பதித்த எழுத்துகளின் மேல் ஆட்களே நின்று அந்தச் சொல்லை எழுதிக் காட்டினால்தான் தங்கக் காசு கொட்டும். பிரபலங்கள் விளையாடினால் பணம் தொண்டுக்குப் போகும். இதில் இரண்டாம் இடம் என்று ஒன்று இல்லை.

அதே வருடங்களில் நம் ஊர்ப் பிள்ளைகள் எதில் மாட்டிக்கொண்டிருந்தார்கள்? ஆரம்பப் பள்ளி முடிவில் எழுதும் சி.பி.இ. பரீட்சையில். 2017-ல் அது போய் வேறு தேர்வு வந்துவிட்டது, ஆனால் நீங்கள் படித்த காலத்தில் பதினொரு வயதுக் குழந்தைக்கு எந்த கொலேஜ் என்பதை அதன் தர வரிசைதான் தீர்மானித்தது. ட்யூஷன், மறுபடி ட்யூஷன், பக்கத்து வீட்டுப் பிள்ளை எத்தனையாவது என்ற கேள்வி. அந்த வயதுக்காரர்கள் பலர் என்னிடம் வருகிறார்கள். அவர்களுடைய பேச்சில் ஏதோ ஒரு கட்டத்தில் அந்தப் பரீட்சை வராமல் போவதில்லை. வாரம் முழுக்க யாரையாவது முந்த வேண்டும் என்று ஓடிய குழந்தைக்கு, சனிக்கிழமை இரவில் மட்டும் யாரையும் முந்தாமல் ஜெயிக்க ஒரு வழி கிடைத்தது. அந்த நிகழ்ச்சி உங்களை இந்த அளவுக்குப் பிடித்துவைத்திருப்பதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

இப்போது உங்கள் அண்ணன்.

நீங்கள் போகிற போக்கில் எழுதிவிட்டுப் போன வரிகள் அவை. விடை வராவிட்டால் அப்பா சிரிப்பார், எல்லாரும் சிரிப்போம், சில நாள் அண்ணன் எழுந்து போய்விடுவான், புலி வரும்போது திரும்பி வந்துவிடுவான். உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்திவைத்த இடம் அதுதான். அந்த வீட்டில் சனிக்கிழமை இரவிலும் பரீட்சை எழுதியவர் ஒருவர் இருந்திருக்கிறார். நீங்கள் எண்ணும் எண் தவறினால் யாரும் சிரிக்கவில்லை. அவருடைய விடை தவறினால் வீடே சிரித்தது. உங்கள் அப்பாவை நான் குறை சொல்லவில்லை. அந்தக் காலத்து அப்பாக்களுக்குப் பிள்ளையிடம் பிரியத்தைக் காட்டத் தெரிந்த வழிகளில் கேலியும் ஒன்று. ஆனால் பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பையனுக்கு அது பிரியமாகத்தான் கேட்டதா என்பது அவருக்கு மட்டுமே தெரியும். நான் ஊகிக்கிறேன், அவ்வளவுதான். ஆனால் அவர் திரும்பி வந்தார் என்பதையும் நீங்களே எழுதியிருக்கிறீர்கள். புதிர் முடிந்து, இனி யாரும் தன்னை விடை கேட்கமாட்டார்கள் என்றானதும் வந்து உட்கார்ந்துவிட்டார். அந்த சோபாவில் இருக்க அவருக்கும் ஆசை இருந்திருக்கிறது.

எனவே நான் சொல்ல வருவது இதுதான். போனில் நீங்கள் தேடும் பகுதிகளில் கோட்டை இருக்கும், இசை இருக்கும், புலி இருக்கும். உங்கள் அப்பா தமிழில் மாற்றிச் சொன்ன புதிர் ஒன்றுகூட அதில் இருக்காது. அம்மா அடுப்படியிலிருந்து என்ன கேட்டார் என்பது இருக்காது. அதெல்லாம் இந்த உலகத்தில் இப்போது இரண்டே பேரிடம்தான் இருக்கிறது. ஒருவர் நீங்கள். இன்னொருவர் மெல்பர்னில் இருக்கிறார். உங்களுக்கு மறந்துபோன பாதி அவரிடம் இருக்கும், அவருக்குத் தெரியாத பாதி உங்களிடம் இருக்கும். இரவு ஒரு மணிக்கு நீங்கள் தேடுவது உங்கள் அண்ணனிடம் இருக்கிறது, சகோதரி.

அவருக்கு எழுதுங்கள். எப்படி எழுதுவது என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இதில் நல்ல எண்ணத்தோடு செய்யும் தவறுகள் அதிகம்.

‘நாம் எவ்வளவு சந்தோஷமாக இருந்தோம், ஞாபகம் இருக்கிறதா?’ என்று தொடங்காதீர்கள். அது கேள்வி மாதிரி இருக்கிறதே தவிர, ஆமாம் என்று சொல்லியே ஆக வேண்டும் என்ற கட்டாயம் அதில் இருக்கிறது. பழைய பகுதி ஒன்றின் இணைப்பை அனுப்பி அழுகிற முகம் போடாதீர்கள். புதிர் போட்டு விடை கேட்காதீர்கள். இது மிக முக்கியம். விடை சொல்வதற்காக உட்கார வைக்கப்பட்டவர் அவர், மறுபடி அதே நாற்காலியில் உட்கார வைக்க வேண்டாம். வீட்டைப் பற்றி ஒரு சொல்லும் வேண்டாம்.

உங்கள் பாட்டியின் சிராண்டான் இருக்கிறதே, அதை எடுத்துக்கொள்ளுங்கள். இந்தப் பக்கத்தைத் தமிழ்நாட்டிலும் மலேசியாவிலும் படிப்பவர்களுக்காக ஒரு வரி: இது மொரீஷியஸின் கிரியோல் விடுகதை மரபு. புதிர் போடுபவர் “சிராண்டான்!” என்று குரல் கொடுப்பார், கேட்பவர்கள் “சாம்பெக்!” என்று பதில் குரல் கொடுத்தால்தான் புதிர் வெளியே வரும். “டிலோ டிபூட்?” என்றால் நின்றுகொண்டிருக்கும் தண்ணீர், விடை கரும்பு. “டிலோ பாந்தான்?” என்றால் தொங்கிக்கொண்டிருக்கும் தண்ணீர், விடை தேங்காய். கரும்புத் தோட்டத்தில் வேலை செய்த எல்லா வம்சத்தாரும் பேசி வளர்த்த மொழி இது. நம் தமிழ்ப் பாட்டிகளும் அதைத் தங்களுடையதாக்கிக்கொண்டு, நடுநடுவே ஊர் விடுகதைகளையும் கலந்து போட்டார்கள்.

இதில் குரல் கொடுப்பவர் அவராகவும், பதில் சொல்பவர் நீங்களாகவும் இருக்கட்டும். இப்படி எழுதலாம்: “அண்ணா, பாட்டி போட்ட சிராண்டானில் எனக்கு ரெண்டு மூணுதான் ஞாபகம் இருக்கு. உனக்கு எது ஞாபகம் வருதோ அதைப் போடு. நான் சாம்பெக் சொல்றேன்.” இவ்வளவு போதும். ‘எப்படி இருக்கிறாய், ஏன் பேசவில்லை, என்மேல் கோபமா’ எதுவும் வேண்டாம். அவர் கேட்கட்டும், நீங்கள் யோசியுங்கள், தவறாகச் சொல்லுங்கள், அவர் சிரிக்கட்டும். உங்கள் வீட்டில் அவருக்கு இந்த வாய்ப்பு வந்ததே இல்லை என்று நினைக்கிறேன்.

எழுத்திலிருந்து குரலுக்குப் போகும் நாள் வந்தால் நேரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். இங்கே பிற்பகல் 3 மணி என்றால், இப்போது குளிர்காலத்தில் மெல்பர்னில் இரவு 9. நம் சனிக்கிழமை பிற்பகல் அவருக்குச் சனிக்கிழமை இரவு. அவருடைய வீட்டில் சாப்பாடு முடிந்திருக்கும்.

ஒன்றுக்கு மட்டும் தயாராக இருங்கள். அவர் ‘எனக்கு அந்தச் சனிக்கிழமைகள் பிடிக்கவே பிடிக்காது’ என்று சொல்லலாம். சொன்னால் உங்களுக்கு நெஞ்சு வலிக்கும், அப்பாவுக்காகப் பேச வாய் துடிக்கும். பேசாதீர்கள். நினைவு என்பது எடுத்துப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் புதிதாகக் கட்டப்படுவது என்று நினைவாற்றலை ஆராய்பவர்கள் சொல்கிறார்கள். ஒரே வீட்டில் ஒரே சோபாவில் உட்கார்ந்த இரண்டு பேருக்கு இரண்டு சனிக்கிழமை இருப்பது வழக்கமான விஷயம். அவருடையது உண்மையானால் உங்களுடையது பொய் என்று ஆகிவிடாது. “எனக்கு அது தெரியாமலே போச்சு, சொல்லு அண்ணா” என்று சொல்லிவிட்டுக் கேட்டுக்கொண்டிருங்கள். அவர் அந்தச் சிரிப்பைப் பற்றிப் பேசினால், “நானும்தான் சிரிச்சேன், மன்னிச்சுக்கோ” என்ற ஒரு வரி சொல்லுங்கள். அவர் பேசாவிட்டால் நீங்களாகத் தொடங்க வேண்டாம். என் ஊகம் தவறாகவும் இருக்கலாம், அவர் அந்த நாட்களை உங்களைவிடப் பத்திரமாக வைத்திருக்கவும் கூடும்.

வீட்டு விவகாரம் சொத்துப் பத்திரம் பார்க்கும் நொத்தேரிடம் இருக்கட்டும். பங்கு, விற்பனை, கையெழுத்து எல்லாம் அவர் வழியாகவே போகட்டும். இரண்டு பேச்சையும் ஒரே போனில், ஒரே நாளில் வைத்துக்கொண்டு உறவை இழந்த குடும்பங்களை நான் நிறையப் பார்த்துவிட்டேன்.

இரண்டாவது கேள்வி. பார்ப்பதை நிறுத்த வேண்டாம், இடத்தையும் நேரத்தையும் மாற்றுங்கள். இரவு 10 மணிக்கு மேல் வேண்டாம், படுக்கையில் வேண்டாம், தனியாகவும் வேண்டாம். சனிக்கிழமை மாலை கூடத்தில் டிவியிலேயே போட்டு, கணவரைப் பக்கத்தில் உட்கார வையுங்கள். அவர் கவலைப்படுவது நீங்கள் பார்ப்பதைப் பற்றி இல்லை, தான் நுழைய முடியாத இடத்தில் நீங்கள் அழுகிறீர்கள் என்பதைப் பற்றி. ‘அப்பா இங்கே உட்காருவார், பாட்டி இங்கே’ என்று அவருக்கு வாய்விட்டுச் சொல்லுங்கள். பக்கத்தில் ஒரு நோட்டுப் புத்தகம் இருக்கட்டும். பார்க்கும்போது அப்பா சொன்ன ஏதாவது ஒன்று நினைவுக்கு வந்தால், அரைகுறையாக இருந்தாலும் எழுதிவிடுங்கள். அண்ணனிடமிருந்து வருவதையும் அதிலேயே எழுதுங்கள். நீங்கள் தமிழ் ஆசிரியை, அப்பாவின் புதிர்களை எழுதி வைக்க உங்களைவிடத் தகுந்தவர் யார்?

பிள்ளைகளைப் பற்றி நீங்கள் கேள்வி கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். முதலில் மகனிடம் மன்னிப்புக் கேளுங்கள், காரணத்தோடு. ‘தாத்தா ஞாபகம் வந்து அம்மாவுக்கு அழுகையாக இருந்தது, அது உன் தப்பு இல்லை’ என்றால் 11 வயதுப் பையனுக்கு நன்றாகவே புரியும். அவனும் தாத்தாவை இழந்தவன்தான். அப்புறம், உங்கள் சனிக்கிழமையை அவர்கள் தலையில் வைக்காதீர்கள். நிகழ்ச்சி இன்றும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது, 2003 முதல் ஒலிவியே மின் நடத்துகிறார், புதுப் பகுதிகளைப் போட்டால் ஒருவேளை பிடிக்கலாம், பிடிக்காமலும் போகலாம். அதைவிட, அவர்கள் இப்போது எந்த விளையாட்டில் கத்திக்கொண்டிருக்கிறார்களோ அங்கே போய் உட்காருங்கள். மகன் போனில் விளையாடினால் ‘எனக்கு ஒரு வேலை கொடு’ என்று கேளுங்கள். உங்களுக்குத்தான் நேரம் எண்ணத் தெரியுமே.

சாப்பாட்டு மேசையில் விடுகதையும் போடலாம். “அம்மா படுத்திருப்பாள், மகள் ஓடித்திரிவாள்” என்று கேட்டுப் பாருங்கள். அம்மியும் குழவியும் என்ற விடை காத்ர் போர்ன் பிள்ளைக்கு வராது என்று நினைப்பீர்கள். ஆனால் நம் வீடுகளின் பின்கட்டில் ரோஷ் காரி, அதாவது அம்மிக்கல், இன்னும் கிடக்கிறதே, மசாலை அரைத்ததைப் பார்த்த பிள்ளை சட்டென்று பிடித்துக்கொள்ளும். விடை வராதவரை யாரும் கேலி செய்யக் கூடாது என்ற ஒரு சட்டத்தை மட்டும் அன்றைக்கே போட்டுவிடுங்கள்.

கடைசியாகக் கோட்டை. பிரான்சின் மேற்குக் கரையில், எக்ஸ் தீவுக்கும் ஒலெரோன் தீவுக்கும் நடுவே கடலுக்குள் நிற்கிறது. நெப்போலியன் காலத்தில் தொடங்கி, இடையில் வேலை நின்று, 1857-ல்தான் கட்டி முடித்தார்கள். முடிப்பதற்குள் பீரங்கிகளின் எட்டும் தூரம் கூடிவிட்டது, நடுக்கடல் கோட்டைக்குத் தேவையே இல்லாமல் போயிற்று. கொஞ்ச காலம் சிறையாக இருந்து, பிறகு வெகுகாலம் சும்மா கிடந்து, 1962-ல் ஏலத்தில் ஒரு பல் மருத்துவர் கைக்குப் போனது. தொலைக்காட்சி வந்து அதற்கு ஒரு வேலை கொடுத்தது. இப்போது அது அந்த மாவட்ட நிர்வாகத்தின் சொத்து. அலை அரித்துக்கொண்டே இருப்பதால் அதைக் காப்பாற்றும் வேலைகளும் நடக்கின்றன.

நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம், பொதுமக்களை உள்ளே விடுவதில்லை. லா ரொஷெல், ஃபூரா, ஒலெரோன் தீவு போன்ற இடங்களிலிருந்து படகுகள் போகின்றன, கோட்டையை ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டிவிட்டுத் திரும்பிவிடும். அந்த நடைபாதைகளையோ புதிர்க் கிழவர் உட்காரும் இடத்தையோ பார்க்க முடியாது. சேமித்த பணத்தையெல்லாம் செலவழித்து இத்தனை கடல் தாண்டிப் போய், வெளிச்சுவரை மட்டும் பார்த்துவிட்டுத் தனியாகத் திரும்பினால், இப்போது இருக்கும் மனநிலையில் உங்களுக்கு அது இன்னும் ஒரு இழப்பாகத்தான் தோன்றும் என்று அஞ்சுகிறேன். இந்த வருடம் வேண்டாம். அந்தப் பணத்தை அப்படியே வைத்திருங்கள். அண்ணனோடு பேச்சு சரியானால் மெல்பர்னுக்கு ஒரு டிக்கெட் வாங்க அது உதவும். என்றைக்காவது இரண்டு பேரும் சேர்ந்து பிரான்ஸ் போக நினைத்தால், அங்கே கோடைகாலமான ஜூலை, ஆகஸ்ட்டில் படகுகள் அதிகம், கூட்டமும் அதிகம், முன்பதிவு செய்துகொள்ளுங்கள்.

அண்ணனுக்கு இந்த வாரமே எழுதிவிடுங்கள். பதில் வராவிட்டால் மனம் உடைந்துபோய் அடுத்தடுத்து அனுப்ப வேண்டாம். அப்பாவின் முதல் வருடத் திதி வர இன்னும் மூன்று மாதம் போல இருக்கிறது. தேதியும் கோயிலும் முடிவானதும் அதை மட்டும் ஒரு செய்தியாக அனுப்புங்கள், வருகிறாயா என்று கேட்காமல். அதற்கும் பதில் இல்லையென்றால் எனக்கு எழுதுங்கள், அடுத்து என்ன செய்யலாம் என்று பார்ப்போம். அந்தக் கடிதத்தை இங்கே வெளியிடமாட்டேன்.